ஆறு லேயர் போட்

1. கேட்டை மறித்த லாரி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியின் கேட்டை மறித்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. லாரியின் மேல் ஒரு ஃபைபர் போட். அதன் அடிப்பக்கம் முன்னாலிருந்து பாதி நீளம் வரை பிளந்து, பிளவின் ஓரங்களில் கண்ணாடி நார் துருத்திக்கொண்டிருந்தது. லாரியைச் சுற்றி ஏழெட்டு மீனவர்கள். எம்.டி. இன்னும் வந்திருக்கவில்லை. வாட்ச்மேன் நேராக என் அறைக்கு ஓடிவந்தார். கம்பெனியில் தரப் பரிசோதனை என் பொறுப்பு. போட்டைப் பற்றி எந்தப் புகார் வந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும்.

வெளியே போனேன். வெள்ளை மீசை வைத்த பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். தேசப்பன் என்று பெயர்.

"இன்னாம்மா போட்டு செய்றீங்க நீங்க? என் தம்பி பசங்க ரெண்டு பேரு பாதி போட்ட புடிச்சிகினு கடல்ல கெடந்தானுங்க. வேற போட்டு வந்து தூக்கலன்னா இந்நேரம் கருமாதி முடிஞ்சிருக்கும்."

அவர் கத்தவில்லை. பின்னால் நின்றவர்கள்தான் கத்தினார்கள். நான் லாரியின் சக்கரத்தில் கால் வைத்து ஏறிப் பார்த்தேன். முன்பக்க இடது பக்கவாட்டில், வெற்றிலை அளவுக்கு ஒரு லேசான பள்ளம். அது எங்கள் மோல்டில், அதாவது போட்டை வார்க்கும் அச்சில், இருந்த குறை. அந்த மோல்டில் வார்த்த ஒவ்வொரு போட்டிலும் அது விழும். ஆக, வடிவம் எங்களுடையதுதான். ஆனால் பின்பலகையின் உள்பக்கம் நாங்கள் ரெசின் என்ற பிசினுக்கு அடியில் பதிக்கும் எண் இல்லை. பிளந்த இடத்தின் தடிமன், எங்கள் போட்டில் இருப்பதில் முக்கால்கூடத் தேறாது.

"எங்க வாங்கினீங்க, பெரியவரே?"

"நசரத்பேட்டைல. பெங்களூர் ரோட்டு மேல ஷெட்டு கீதே. பிரபாகர் சாரு குடுத்தாரு. உங்க ஆளுதானே அவுரு? அதே போட்டு, கம்மி வெலைன்னாரு."

பிரபாகர் எங்கள் பழைய சேல்ஸ் மேனேஜர். அரை வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போனவர். குடும்பத் தொழிலைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நாங்கள் மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பியிருந்தோம்.

அன்று லாரி மேல் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வந்த கோபம் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் அது முதலில் தப்பான ஆள் மேல் போனது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. கடல் இல்லாத ஊரில்

நான் வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில். அப்பா அங்கே ஃபிட்டர். நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்து, எண்பதுகளின் நடுவில் இந்த போட் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினார். உடம்பெல்லாம் ரெசின் வாடை. "என்னடி எஸ்தர், நெயில் பாலிஷ் கம்பெனியா?" என்றார். சர்ச்சில் எல்லோரும் கேட்ட கேள்வி வேறு. அம்பத்தூரில் ஏது கடல், அங்கே எதற்கு போட் கம்பெனி?

அதற்குப் பதில் எளிது. ஃபைபர் போட் செய்யக் கடல் தேவையில்லை. ரெசினும், கண்ணாடி நாரில் பாய் மாதிரி செய்த மேட்டும், மோல்டு வேலை தெரிந்த ஆட்களும் வேண்டும். மூன்றும் அம்பத்தூரில் கிடைத்தன. செய்து முடித்த போட்டை லாரியில் ஏற்றினால் அன்றைக்கே கடற்கரை. கடற்கரையில் ஷெட் போட்டிருந்தால் உப்புக்காற்றில் பாதி சாமான் கெட்டுப்போயிருக்கும். எங்கள் எம்.டி. சபாபதி இதையெல்லாம் யோசித்துத்தான் இடம் பிடித்தார். ரெசின் வியாபாரியாக இருந்து முதலாளி ஆனவர் அவர். ஆரம்ப வருஷங்களில் அவர் கெட்டிக்காரர் மட்டுமல்ல, நேர்மையானவரும்கூட. அதை மறைத்தால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

போட் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோல்டுக்கு மெழுகு தடவி, முதலில் ஜெல்கோட் என்ற நிறம் கலந்த வெளிப்பூச்சை அடிப்பார்கள். அது காய்ந்ததும் ஒரு கண்ணாடி மேட்டைப் பரப்பி, அதன் மேல் ரெசின் ஊற்றி, காற்றுக்குமிழி இல்லாமல் ரோலர் ஓட்டுவார்கள். அது ஒரு லேயர். எங்கள் போட்டுக்கு ஆறு லேயர். காய்ந்து வெளியே வந்ததும் மேலே பெயின்ட் மாதிரிப் பளபளவென்று இருக்கும். உள்ளே ஆறா, நாலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரு துண்டை வெட்டி எரிப்பது. ரெசின் எரிந்து போகும், கண்ணாடி எரியாது. மிஞ்சும் மேட்டை ஏடு ஏடாகப் பிரித்து எண்ணிவிடலாம். என் அறையில் அதற்கென்று ஒரு சிறிய மின்உலை இருந்தது. ஒவ்வொரு போட்டிலும் நான் சொல்லும் இடத்தில் ஃபோர்மேன் ஏகாம்பரம் ஒரு துண்டு வெட்டித் தருவார். நான் எரித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அந்த ஓட்டையை அடைத்து எண் பதிப்பார்கள்.

எங்கள் வியாபாரம் அந்த ஆறு லேயரின் மேல்தான் நின்றது. மற்றவர்களைவிட விலை கூடுதல்தான். ஆனாலும் ஒரு குப்பத்தில் ஒரு போட் போனால் அடுத்த வருஷம் அதே குப்பத்தில் நாலு பேர் வருவார்கள். முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தப் பணத்திலேயே அடுத்த ரெசின் வந்துவிடும். வங்கியிடம் கையேந்த வேண்டிய அவசியமே இல்லாமல் நாலைந்து வருஷம் ஓடியது. தொழிற்பேட்டையில் தீபாவளி போனஸ் தகராறு இல்லாத சில கம்பெனிகளில் எங்களுடையதும் ஒன்று.

3. நசரத்பேட்டை ஷெட்

உடைந்த போட்டைப் பார்த்த அன்று மதியமே நானும் ஏகாம்பரமும் கம்பெனி வேனில் நசரத்பேட்டைக்குப் போனோம். குமணன்சாவடி தாண்டும்போது ஏகாம்பரம், "எஸ்தரம்மா, அவன் மூஞ்சியப் பாத்தா எனக்குக் கை நீண்டுரும். நீங்களே பேசுங்க" என்றார்.

ஓலைக்கொட்டகை மாதிரி ஒரு ஷெட். உள்ளே காய்ந்துகொண்டிருந்த போட்டின் இடது பக்கத்தில் அதே வெற்றிலைப் பள்ளம். நடந்தது இதுதான். பிரபாகர் எங்கள் போட் ஒன்றை யாரோ மீனவர் பேரில் வாங்கி, அதற்கு மெழுகு பூசி, அதன் மேலேயே ஃபைபர் ஊற்றி ஒரு மோல்டு எடுத்துவிட்டார். நாங்கள் ஒன்றரை வருஷம் மரத்தில் செதுக்கி, தேய்த்து, அம்பத்தூர் ஏரியில் மிதக்கவிட்டுத் திருத்திய வடிவம் பத்தே நாளில் அவர் கைக்குப் போய்விட்டது. எங்கள் குறையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தார்.

பிரபாகர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"இது எங்க போட், சார்" என்றேன்.

"ஷேப்புதானேம்மா ஒண்ணு? ஷேப்புக்குப் பட்டா வாங்கி வெச்சிருக்காரா உங்க எம்.டி.?"

"உங்க போட் கடல்ல பிளந்துருக்கு. ரெண்டு பேர் சாகப் பார்த்தாங்க."

"கரைல இழுக்கும்போது பாறைல இடிச்சிருப்பாங்க. எந்த போட்டும் பாறைல இடிச்சா உடையும். நான் யார்கிட்டயும் ஆறு லேயர்னு சொல்லலையே. விலை கம்மின்னுதான் சொன்னேன். கம்மியா இல்லையா?"

ஏகாம்பரம் டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். நானும் எழுந்தேன். வக்கீலிடம் கேட்டபோது, வடிவத்தைப் பதிவு செய்து வைக்காததால் வழக்கு போட்டாலும் நிற்காது என்றார். திருடனைத் திருடன் என்று சொன்னால்கூட அவன்தான் நம் மேல் கேஸ் போடலாம் என்றும் சொன்னார்.

4. எனக்குக் கிடைத்த பதவி உயர்வு

ரூபாயின் மதிப்பைக் குறைத்த வருஷம் அது. ரெசினுக்கான மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வந்ததால் விலை கிடுகிடுவென ஏறியது. எங்கள் விலையை ஏற்ற வேண்டிய நேரத்தில் நசரத்பேட்டைக்காரர் எங்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்பணம் கட்டியவர்கள் திரும்ப வந்து பணத்தைக் கேட்டார்கள். முதன்முறையாகச் சம்பளம் ஒரு வாரம் தள்ளிப்போனது. எம்.டி. வங்கியில் கடன் வாங்கினார்.

ஒரு சனிக்கிழமை எங்களை உட்கார வைத்துப் பேசினார். "பிரபாகர் விலைக்கு இறங்கலாமா, வேண்டாமா? மனசுல பட்டதைச் சொல்லுங்க."

நான் சொன்னேன். "இறங்கக் கூடாது சார். விலையில அவரோட போட்டி போட்டா அவர்தான் ஜெயிப்பார். அவருக்கு இழக்க ஒண்ணும் இல்லை. நாம உள்ளே என்ன இருக்குன்னு காட்டணும். கடற்கரைக்கே போய், ரெண்டு துண்டையும் அவங்க கண் முன்னால எரிச்சுக் காட்டலாம். லேயரை அவங்களே எண்ணிப் பார்க்கட்டும்."

எம்.டி. பேனாவை மூடி வைத்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"இதை நீயே செய்ம்மா. உன்னை மாதிரி யாரால எடுத்துச் சொல்ல முடியும்? வேன் எடுத்துக்கோ, டிரைவர் எடுத்துக்கோ. நாளைலேர்ந்து நீ டெக்னிக்கல் சேல்ஸ் ஆபீசர்."

"அப்போ லேப்?"

"அதை ஏகாம்பரம் பார்த்துக்குவார். எத்தனை வருஷமா செய்றார், அவருக்குத் தெரியாதா? நீ கரையைப் பாரு."

சம்பளமும் ஏறியது. வீட்டில் அப்பா குடியிருப்பு முழுக்க இனிப்பு கொடுத்தார். பெண் பிள்ளை ஆபீசர் ஆனதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

நான் எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை குப்பம் குப்பமாகப் போனேன். வேனில் நெருப்பைப் பீய்ச்சும் ஒரு புளோலேம்ப், ஒரு இரும்புத் தட்டு, ஒரு ரம்பம். உடைந்து வந்த நசரத்பேட்டை போட்டின் துண்டுகள் ஒரு சாக்கில். எங்கள் போட்டின் துண்டுகள் இன்னொரு சாக்கில். அவை என் அறையில் முன்பே எடுத்து வைத்திருந்தவை. மணலில் தட்டை வைத்து எரிப்பேன். கரும்புகை கிளம்பும், பிள்ளைகள் கூடிவிடுவார்கள், பிறகு பெரியவர்கள் வருவார்கள். பிரபாகரின் துண்டில் நாலு, எங்களுடையதில் ஆறு. மீன் விற்கும் பெண்கள்தான் முதலில் குனிந்து எண்ணுவார்கள். "த பாரு, இவன் ரெண்டத் துன்னுட்டான்" என்று ஒரு அம்மா சொன்னது அந்தக் கரை முழுக்கப் பரவியது.

ஆர்டர்கள் திரும்பி வந்தன. தேசப்பனே வந்தார். தம்பியின் போட் உடைந்த பிறகு, இனி ஃபைபரே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். நான் அவர் வீட்டுக்கே போய் இரண்டு மணி நேரம் பேசினேன். அவருடைய மனைவி, "நீ சொல்றியே கண்ணு, அதுக்குத்தான் வாங்குறோம்" என்றார். அந்தச் சொல்லை நான் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

5. பெரியவர் கேட்ட துண்டு

நாலு மாதம் கழித்துத் தேசப்பனின் குப்பத்துக்கு மறுபடியும் போனேன். பக்கத்துக் குப்பத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் போட் வாங்கும் எண்ணத்தில் வந்திருந்தார்கள். வழக்கம்போல எரித்துக் காட்டினேன். நாலு, ஆறு. தலையாட்டினார்கள்.

வந்தவர்களில் ஒரு வாலிபன், "அக்கா, இது நீ ஊட்லேர்ந்து எடுத்தாந்த துண்டு. எங்களுக்கு இன்னா தெரியும்? இங்க கரைல நிக்குதே உங்க போட்டு, அதுல வெட்டிக் காட்டேன்" என்றான்.

கேள்வி நியாயமானது. நான் தேசப்பனைப் பார்த்தேன்.

"வெட்டட்டும்மா" என்றார் அவர். "என் போட்டுதானே. நாளைக்கே அடச்சிக் குடுத்துரு."

"எந்த இடத்துல வேணும்னாலும் வெட்டுங்க" என்றேன். உரக்கத்தான் சொன்னேன்.

பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ளங்கை அளவுக்கு வெட்டினார்கள். ரம்பம் சீக்கிரம் இறங்கிவிட்டது. ஆறு லேயர் அவ்வளவு சுலபமாக அறுபடாது. ஆனாலும் புளோலேம்பைப் பற்ற வைத்தேன். புகை அடங்கியதும் வெள்ளையாக மிஞ்சியதைத் தேசப்பனே கையில் எடுத்து, ஊதி, ஏடு ஏடாகப் பிரித்து மணலில் அடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

அதற்கு மேல் இல்லை.

நான் அவர் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று நகத்தால் கீறிப் பார்த்தேன். நாலுதான்.

கூடியிருந்தவர்கள் கத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். தேசப்பனின் மனைவி மணலில் கிடந்த நாலு ஏட்டையும் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். தேசப்பன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் நாலு போட்டான், கம்மியா குடுத்தான். நீங்க நாலு போட்டீங்க, ஜாஸ்தியா வாங்கினீங்க. அவனாச்சும் ஊட்டாண்ட வந்து நாயம் பேசல, கண்ணு."

"பெரியவரே, எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாமதான் இத்தினி நாளு எரிச்சியா?"

பிரபாகரின் ரெசினில் சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கும், எங்களுடையதில் அது இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. சாமான்களைக்கூட எடுக்காமல் வேனில் ஏறினேன்.

6. எம்.டி.யின் கணக்கு

நேராக எங்கள் கம்பெனி ஷெட்டுக்குள் போனேன். ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்ததும் ரோலரைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா நாலு?"

அவர் தரையைப் பார்த்தார். "நீங்க கரைக்குப் போன மறு வாரத்துலேர்ந்து. எம்.டி. கூப்ட்டு சொன்னாரு. கொஞ்ச நாளைக்குத்தான், ரெசின் வெல எறங்கட்டும்னாரு. எஸ்தரம்மாவுக்குத் தெரியும், அவுங்களே கணக்குப் பாத்து நாலு போதும்னுட்டாங்கன்னாரு."

"நான் சொன்னேன்னா?"

"உங்க பேர் சொல்லலன்னா நான் போட்டிருப்பனா?"

அங்கே நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பதவி உயர்வு, வேன், டிரைவர், ஏறிய சம்பளம் எல்லாம் என்னை அந்த அறையிலிருந்து வெளியேற்றத்தான். என் யோசனையை அவர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டதற்கு அது நல்ல யோசனை என்பது மட்டும் காரணமில்லை. ஆறு என்று நான் கரையில் கத்திக்கொண்டிருக்கும்வரை ஷெட்டில் நாலு போடலாம்.

எம்.டி. அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தேன். ஏன் நாலு என்று கேட்டேன். அவர் அதை மறுக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது.

"உட்காரும்மா. நாலு லேயர் போட் மிதக்காதா? மிதக்குது. எத்தனை பேர் நாலு போட்டு விக்கிறாங்க?"

"அவங்க ஆறுன்னு சொல்லலையே, சார்."

"நாமளும் பில்லுல எழுதலையே. நீ வாயாலதான் சொன்ன." இதைச் சொல்லும்போது அவர் என் கண்ணைப் பார்த்தார். "பேங்க்ல வட்டி கட்டணும். அறுபது பேருக்குச் சம்பளம். பிரபாகரோட விலைக்கு இறங்கினா செத்தோம். ஆறு போட்டாலும் செத்தோம். ஆறு லேயர் விலை, நாலு லேயர் செலவு. அதுலதான் இந்த நாலஞ்சு மாசமா கம்பெனி மூச்சு விடுது. உன் சம்பளமும் அதுலதான் வருது."

"விலையை ஏத்தியிருக்கலாம். இல்லைன்னா, நாலு லேயர்னு சொல்லியே ஒரு மலிவு போட் போட்டிருக்கலாம். ஏரி, முகத்துவாரம்னு உள்பக்கமா மீன் பிடிக்கிறவங்களுக்கு அது போதும். அவங்களே கேட்டு வாங்கியிருப்பாங்க. ஆழ்கடலுக்குப் போறவன்கிட்ட ஆறுன்னு சொல்லி நாலைக் கொடுத்தா அவன் எதை நம்பிப் போவான்?"

"இப்ப அதெல்லாம் பேசி என்ன? நடந்தது நடந்துபோச்சு."

"வித்த போட் எல்லாத்தையும் திரும்ப எடுத்து, உள்ளே ரெண்டு லேயர் போட்டுக் கொடுக்கணும், சார்."

"திரும்பக் கூப்பிட்டா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"அவங்க மணல்லயே எண்ணிட்டாங்க."

அவர் ஃபோனை எடுத்து யாருக்கோ சுழற்ற ஆரம்பித்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

7. ஒட்டுப்போட்ட மாதங்கள்

மூன்றாம் நாள் தேசப்பனின் போட் லாரியில் வந்தது. கூடவே முப்பது பேர். போன முறை கேட்டை மறித்தார்கள், இந்த முறை கேட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். வேலை நடக்கவில்லை. ஏகாம்பரம் ஷெட்டிலிருந்து வெளியே வந்து அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். "ஆறுன்னா ஆறு. நாலுன்னா நான் ரோலரத் தொட மாட்டேன்" என்று எம்.டி. காதில் விழச் சொன்னார். லேயர் போடும் லேமினேஷன் ஆட்களும் ஒவ்வொருவராக வந்து அவர் பின்னால் நின்றார்கள். நானும் நின்றேன். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் மதில் மேல் எட்டிப் பார்த்தார்கள். சாயங்காலம் எம்.டி. இறங்கி வந்தார், விற்ற போட்டுகளுக்குக் கம்பெனி செலவில் லேயர் போட்டுத் தர ஒப்புக்கொண்டார்.

தேசப்பனின் போட்டுக்கு அங்கேயே போட்டோம். மற்றவற்றுக்கு நானும் ஏகாம்பரமும் ரெசின் டிரம்மை வேனில் ஏற்றிக்கொண்டு குப்பம் குப்பமாகப் போனோம். எந்தெந்த வீட்டுக்கு விற்றேன் என்பது எனக்குத்தானே தெரியும். வெயிலில் போட்டின் உள்பக்கத்தைத் தேய்த்து, மேட் பரப்பி, ரோலர் ஓட்டினோம். சில வீடுகளில் மோர் கொடுத்தார்கள். சிலர் தொடவே விடவில்லை. எண்ணூர்ப் பக்கம் ஓர் இளைஞன், "போதும்க்கா, நீ கை வெச்சதெல்லாம் போதும். நாங்க நசரத்பேட்டைல சொல்லிட்டோம்" என்றான். அந்த போட்டுக்காக இன்னும் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அவன் வெளியே வரவில்லை. நல்லகாலமாக, அப்படித் தொட விடாதவர்களின் போட்டுகளில் எதுவும் கடலில் உடைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

கடைசி போட் முடிந்த வாரம் நான் வேலையை விட்டேன். ஏகாம்பரம் இன்னும் ஒரு வருஷம் இருந்தார். அதன் பிறகு கரையிலிருந்து ஓர் ஆர்டர்கூட வரவில்லை. எம்.டி. தண்ணீர்த் தொட்டி செய்தார், பஸ் சீட் செய்தார், எதுவும் நிற்கவில்லை. தொண்ணூறுகளின் பின்பகுதியில் கேட்டில் வங்கிக்காரர்களின் பூட்டு தொங்கியது. போட்டியைச் சமாளிக்க முடியாமல் மூடினார்கள் என்று தொழிற்பேட்டையில் பேசிக்கொண்டார்கள். எம்.டி.யும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். போட்டி எங்களைக் கொல்லவில்லை. பிரபாகர் எங்கள் வடிவத்தைத் திருடினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் பேரை அவரால் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. கூடுதல் விலை கொடுத்து, முன்பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். எங்களிடம் இருந்த ஒரே சொத்து அதுதான். அதை நாலைந்து மாத வட்டிக்காக உள்ளேயிருந்தே விற்றோம். பிரபாகர் பின்னாளில் பூந்தமல்லியில் மாடி வீடு கட்டினார். ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்து, "எங்கிட்ட வந்திருக்கலாமேம்மா" என்றார். நான் சாப்பிடாமல் திரும்பினேன்.

இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகள், பொருளைப் பற்றி வெளியில் பேசும் வேலை கிடைத்ததாகச் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். நல்லதுதான். அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பேசும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பார்க்கும் வேலையை விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் வாயை வெளியே அனுப்பிவிட்டுக் கண்ணை உள்ளே விடமாட்டேன் என்கிற முதலாளியிடம் எவ்வளவு சம்பளம் ஏறினாலும் நிற்காதீர்கள்.

அந்த வேலையை விட்ட பிறகு ஃபைபர் சாமான் செய்யும் மூன்று கம்பெனிகளில் நேர்காணலுக்குப் போனேன். மூன்றிலும் ஒரே நிபந்தனை வைத்தேன். எந்த நாளிலும், யாரிடமும் கேட்காமல், ஷெட்டுக்குள் போய் நானே ஒரு துண்டு வெட்டி எரித்துப் பார்ப்பேன். திருமழிசையில் இருந்த கம்பெனி சரி என்றது. அங்கேதான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். மற்ற இரண்டும் அதெல்லாம் சரிப்படாது என்று சொல்லி அனுப்பிவிட்டன. அந்த இரண்டு கம்பெனிகளின் சாமான் எதையும் இன்றுவரை நான் வீட்டுக்கு வாங்கியதில்லை.